எல்லையறிந்து வெட்டுதல்

நூலொன்றன் பாயிரத்துட் கூறவேண்டிய எட்டுப் பொருள்களுள் எல்லையும் ஒன்றென்பது நன்னூலார் கொள்கை. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரமும் வேங்கடத்தையும் குமரியையும் முதற்கண் சுட்டிய பின்னரே நூலின் வரலாறு கூறப்புகுகின்றது. தமிழ் பயிலும் எமக்கு இம்மரபு புதிதன்று. ஆயினும் அதன் பயனை யாம் தெளிவுற உணர்ந்தது கணக்கொன்றினிடத்தே என்றால் நண்பர்கள் வியப்புறக்கூடும்.

சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில், மதுரையினின்றும் ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் சாலையிலுள்ள எம் ஊராகிய கிருஷ்ணன்கோவிலில் இருந்தோம். 2019ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை அண்டை வீடுகளுக்கு வழங்க எம் அத்தையார் விரும்பினார். அதன்பொருட்டுப் பக்கம் 18 சென்டிமீட்டர் கொண்ட சதுர அட்டைகள் 60 வாங்கியாயிற்று. நான்கு மூலைகளிலும் சிறு சதுரங்களை வெட்டி நீக்கி, ஓரங்களை மடித்தால் மூடியில்லாப் பெட்டியாகும். எவ்வளவு வெட்டினால் மிகுதியாகக் கொள்ளும்? 12ஆம் வகுப்பிற் பயிலும் தம்பி அதனைக் கணக்கிட முன்வந்தான். வெட்டிய அட்டை மீண்டும் ஒட்டாது. விடை பிழைத்தால் 60 அட்டைகளும் வீணாம்.

வெட்டும் சதுரத்தின் பக்கம் 'க' ஆயின், பெட்டியின் உயரமும் க. அடியின் பக்கம் 18−2க. அடிப்பக்கத்தைத் தன்னாற் பெருக்கி, உயரத்தாலும் பெருக்கக் கொள்ளளவு கிடைக்கும். அதன் வகைக்கெழுவைச் சுழியாக்க 3, 9 என இரு விடைகள் வந்தன. 9 எனின் அட்டை நான்கு துண்டாகும், பெட்டியே இல்லை. 3 எனின் 432 கன சென்டிமீட்டர். தம்பி அவ்வளவில் நில்லாது 13 என்றும் இட்டுப் பார்த்து, “அண்ணா, 832 வருகின்றதே! 13 வெட்டினால் என்ன?” என்றான்.

“18இல் இருமுறை 13ஐ எவ்வாறு வெட்டுவாய்?” என்றோம். அடியின் பக்கம் குறை 8 ஆகின்றது. குறையைக் குறையாற் பெருக்க நிறை 64 பிறந்து, இல்லாத பெட்டிக்கும் ஒரு கொள்ளளவைத் தந்துவிட்டது. சூத்திரம் அட்டையை அறியாது. க சுழியினும் மிக்கு, 9இனும் குறைந்திருத்தல் வேண்டும் என்பதை அட்டையே கூறுகின்றது. கணித நூலார் சார்பகம் என வழங்குவது இவ்வெல்லையையே.

அருகிருந்த அத்தையார், அட்டையை விரலால் வளைத்துப் பார்த்து, “இது மெல்லிசு, தம்பி, சுவர் 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்டாற் பிதுங்கிவிடும்” என்றார். எல்லை மேலும் சுருங்கிற்று. 3 அதற்குப் புறம்பாயிற்று. 2 வரையிற் கொள்ளளவு ஏறிக்கொண்டே செல்வதாற் பெருமம் 2 என்னும் விளிம்பிலேயே அமைந்தது. அடியின் பக்கம் 14. கொள்ளளவு 392 கன சென்டிமீட்டர். அவ்விடத்து வகைக்கெழு சுழியன்று. ஆதலின் சுழியாகும் இடங்களை மட்டும் தேடுவார்க்கு அவ்விடை அகப்படாது. அவ்வளவே வெட்டினோம், 60 பெட்டிகளும் செவ்வனே நின்றன.

ஆகவே இத்தகைய கணக்கிற் புகும் மாணவ நண்பர்கள், வகைக்கெழு காணுமுன் எல்லையை எழுதிக்கொள்வாராக. நீளம் குறையெண் ஆகாது. உள்ள பொருளுக்கு மேல் வெட்டலாகாது. பின்னர், சுழியாகும் இடங்களோடு விளிம்புகளையும் ஆராய்க. எல்லைகளுட் சில கணக்கின் சொற்களிலேயே கிடைக்கும். சில, அட்டையை மடித்துப் பழகியோரிடம் கேட்டறிதற்குரியன.