டாக்டரிடம் சொன்ன ஒரு வரி

"வக்கீலம்மா, நீங்க சிவிலா, கிரிமினலா?"

ஆவடியில் எங்கள் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். "ரெண்டும்தான்" என்பேன். பூந்தமல்லி, அம்பத்தூர் கோர்ட்டுகளில் தொழில் செய்கிறவர்களுக்கு இரண்டையும் பிரித்து வைப்பது சிரமம். சண்டைகள் அப்படிப் பிரிந்து வருவதில்லையே! காலையில் மதில் சுவர் தகராறு. சாயங்காலம் அதே சுவருக்காக மண்டை உடைந்திருக்கும். சுவர் யாருடையது என்பது சிவில். மண்டையை உடைத்தது யார் என்பது கிரிமினல்.

1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் வந்த பிறகு, ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த இடமெல்லாம் மெல்ல மெல்ல மனைகளாயின. நிலத்தின் விலை ஏற ஏற, கூடப் பிறந்தவர்களும் கோர்ட் வாசலில் எதிரும் புதிருமாக நிற்க ஆரம்பித்தார்கள்.

பெண்கள் இந்தக் கறுப்பு கோட்டைப் போட்டுக்கொள்ளவே ஒரு காலத்தில் தடை இருந்தது. 1923-ல் தனிச் சட்டம் கொண்டுவந்துதான் அதை நீக்கினார்கள். 1989-ல் ஃபாத்திமா பீவி சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியானார்; பிறகு நம் தமிழ்நாட்டுக்கே கவர்னராகவும் வந்தார். ஆண் வக்கீலிடம் சொல்லக் கூசுகிற விஷயங்களை என்னிடம் சொல்லலாம் என்று பல பெண்கள் தேடி வருகிறார்கள். ஆனாலும் முழு விஷயமும் வெளியே வர நாலைந்து தடவை உட்கார வேண்டியிருக்கிறது. காரணம், குடும்ப மானம்.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியாது. கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். மாமியாரைக் கடைசிவரை படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டவள். அந்த நன்றிக்கு மாமியார் வீட்டில் பாதியை மருமகள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதி ரிஜிஸ்டர் செய்து வைத்துவிட்டுப் போனார். கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வாய்ச்சண்டை முற்றி, இவள் கை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்டிருக்கிறார். இவளோ, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டாள். ஆக்ஸிடெண்ட் ரிஜிஸ்டரில் அது அப்படியே ஏறிவிட்டது. மறுநாள் அண்ணன் வந்து தைரியம் சொன்ன பிறகுதான் போலீஸில் புகார் கொடுத்தாள்.

கிரிமினல் வழக்கில் அடிபட்டவர் பக்கம் வாதாடுகிறவர் அரசு வக்கீல். நான் அவருக்கு உதவியாக இருந்தேன். கூண்டில் அவள் நடந்ததை அழகாகத்தான் சொன்னாள். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணை செய்தார்.

"டாக்டரிடம் வழுக்கி விழுந்ததாகத்தானே சொன்னீர்கள்?"

"ஆமாங்க... அது வந்து... குடும்ப மானம்..."

அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் கேட்க அவருக்கு என்ன இருக்கிறது! சந்தேகத்தின் பலனைக் கொடுத்துக் கொழுந்தனை விடுதலை செய்தார்கள். கிரிமினல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கே இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். சிவிலில் அப்படியில்லை, இரண்டு தரப்பில் எது நம்பும்படி இருக்கிறதோ, அந்தப் பக்கம் தராசு சாயும்.

அந்த சிவில் வழக்கில் அவளைக் காப்பாற்றியது ஒரு பழைய பிஸ்கட் டின். செட்டில்மெண்ட் பத்திரம், வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் வருஷவாரியாக அதில் போட்டு வைத்திருந்தாள். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டுப் பெரியவர், தள்ளாத வயதிலும் ஆட்டோவில் வந்து சாட்சி சொன்னார். ஏழாவது வருஷம் தீர்ப்பு வந்தது. பாதி வீடு அவளுடையதுதான் என்று உறுதியானது.

"தப்பு செஞ்சவனுக்காகவும் நீங்க வாதாடுவீங்களா?" என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. வாதாடுவேன். கைதானவர் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்று நம் அரசியல் சட்டமே சொல்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு எங்கள் பூந்தமல்லி தனிக் கோர்ட்டில்தான் நடந்தது. 1998 ஜனவரி 28-ல் 26 பேருக்குத் தூக்குத் தண்டனை. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட் 4 பேருக்கு மட்டும் அதை உறுதிசெய்தது. 3 பேருக்கு ஆயுள் தண்டனை. 19 பேர் விடுதலையானார்கள். அவர்களுக்காகப் பேச யாருமே இல்லாமல் போயிருந்தால்? யோசித்துப் பாருங்கள்.

என் அனுபவத்தில் சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். அடிபட்டால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்; யார் அடித்தார், எதனால் அடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போலீஸில் கொடுத்த புகாரின் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டால், அதன் நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். படித்துப் பார்க்காமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், நீட்டுவது கூடப் பிறந்த அண்ணனாகவே இருந்தாலும். அப்பா சொத்தில் மகனுக்குள்ள உரிமை மகளுக்கும் உண்டு என்பதை 2005-ல் திருத்திய இந்து வாரிசுரிமைச் சட்டம் தெளிவாக்கிவிட்டது. வீட்டுக்குள் நடக்கும் கொடுமைக்கு 2006-லிருந்து தனிச் சட்டம் அமலில் இருக்கிறது. இருக்கும் வீட்டிலிருந்து உங்களைத் துரத்தாதபடி அதில் உத்தரவு வாங்கலாம்.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.

நகைக்கு லாக்கர் தேடுகிறோம், பட்டுப்புடவைக்கு அந்துருண்டை போடுகிறோம். பத்திரங்களுக்கும் ரசீதுகளுக்கும் வீட்டில் ஒரு டப்பா ஒதுக்குங்கள். அது எங்கே இருக்கிறது என்று உங்கள் பெண்ணுக்கும் சொல்லி வையுங்கள்.