மாங்கேணிக் கரைக்கு ஒரு வேன் பயணம்



நீங்கள் கடைசியாகக் கடற்கரைக்குப் போன நாளை நினைத்துப் பாருங்கள். போனது நினைவிருக்கும். கடலைப் பார்த்தது நினைவிருக்கிறதா?

நம் குடும்பங்களின் சுற்றுலா பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. சுபஹுக்கு முன்பே எழுந்து சட்டி, பானை, அரிசி, கோழி எல்லாவற்றையும் வேனில் ஏற்றுகிறோம். கரையில் இறங்கியதும் ஆண்களும் பிள்ளைகளும் தண்ணீரை நோக்கி ஓடுகிறார்கள். நாம் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுகிறோம். சமைத்து, பரிமாறி, சட்டி கழுவி நிமிரும்போது, "ஏறுங்கள், நேரமாகிவிட்டது" என்று குரல் வருகிறது. குசினிதான் பயணம் போய் வருகிறது. பெண் வீட்டில் இருந்தது போலவே திரும்பி வருகிறாள்.

மேல்நாடுகளில் கட்டிலும் அடுப்பும் பொருத்திய வாகனத்தையே வீடாக்கிக்கொண்டு கரையோரமாகச் சுற்றி வருகிறார்கள். நமக்கு ஒரு வாடகை வேனும், இரண்டு பாயும், ஒரு பெரிய தண்ணீர்க் கேனும் போதும். அடுப்பை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அப்படி ஒரு நாள் மாங்கேணிப் பக்கம் போய்ப் பாருங்கள்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் வீதியில், ஏறாவூர், வாழைச்சேனை, ஓட்டமாவடி ஆகியவற்றைக் கடந்து, ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது மாங்கேணி. ஓட்டமாவடிப் பாலத்தில் ஒரு காலத்தில் ரயிலும் வாகனங்களும் ஒரே பாதையில்தான் போய்வந்தன. இன்று வாகனங்களுக்குத் தனிப் பாலம் உண்டு. அதற்கப்பால் பொலன்னறுவை வீதி இடப்பக்கம் பிரிந்துவிட, நம் வேன் வடக்கே திரும்புகிறது.

ஓட்டமாவடிப் பிரதேசத்தைக் கடக்கும்போது ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துங்கள். மஜ்மா நகர் மையவாடி இங்கேதான் இருக்கிறது. 2020இல் கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்ற விதி வந்தபோது நம் வீடுகளில் எழுந்த அழுகுரலை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 மார்ச் மாதம் முதல் நல்லடக்கத்துக்கு அனுமதி கிடைத்தபோது, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஜனாஸாக்கள் இந்த மண்ணுக்கே கொண்டுவரப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கே அடங்கியிருக்கிறார்கள். அவர்களில் மாற்று மதச் சகோதரர்களும் உண்டு. 2024இல் அந்தக் கட்டாய எரிப்புக்காக அரசாங்கம் மன்னிப்புக் கோரியது.

எங்கள் வேனில் வந்த ஒரு சகோதரியின் வாப்பா அங்கேதான் இருக்கிறார். அடக்கும்போது அவர் முகத்தைக் கூட அவளால் பார்க்க முடியவில்லை. பெண்கள் கப்றுகளைத் தரிசிப்பது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அவள் இறங்கவில்லை. வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இருந்த இடத்திலிருந்தே கையேந்தினாள். நாங்களும் ஏந்தினோம். எந்தச் சுற்றுலாவுக்கும் இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை.

காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று அடுத்தடுத்து வரும் ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். உப்புக் கடலின் ஓரத்தில் எல்லாமே கேணிகள்! பனையும் கஜு மரங்களும் நிற்கும் மணல் நிலம். கரையில் மீனவர்களின் தோணிகள். பனிச்சங்கேணியில் களப்பு கடலைச் சந்திக்கிறது. அதன் ஓரமெல்லாம் கண்டல் மரங்கள். அப்பால் கடலுக்குள் தெரிவது சல்லித்தீவு. கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் ஆழமற்ற மணல்திட்டு வழியாக அதற்கு நடந்தே போகலாம். ஆனால் மணலும் நீரோட்டமும் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளூர் மீனவர் ஒருவரிடம் கேட்காமல் ஒரு அடியும் வைக்காதீர்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஏற்ற காலம். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும்.

கரையில் கிடக்கும் முருகைக்கற்கள் பிள்ளைகளைக் கவரும். பொறுக்கி வர விடாதீர்கள். காயான்கேணிக் கடலின் முருகைப் பாறைகள் 2019இல் பாதுகாக்கப்பட்ட சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மீன்கள் குஞ்சு பொரித்து வளரும் வீடுகள் அவை. நாம் வீசிவிட்டு வரும் சோற்றுப் பார்சல் தாளும் பொலித்தீனும் அந்த வீட்டுக்குள்தான் போய்ச் சேரும். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்தவர்கள், கடற்கரையை மட்டும் விட்டுவிடலாமா?

இங்குள்ள மக்கள் பெரும்பாலும் தமிழர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையை அடித்துச் சென்றது. அதிலிருந்து எழும்புமுன், 2006இலும் 2007இன் தொடக்கத்திலும் போர் வாகரைப் பகுதி மக்களை ஊரை விட்டே விரட்டியது. நமக்கு அழகாகத் தெரியும் கடல், அவர்களுக்குப் பிள்ளையைக் கொடுத்த கடலாக இருக்கலாம். அவர்கள் வாசலில் சத்தமாகப் பாட்டுப் போடாதீர்கள். ஸலாமத்தான முகத்தோடு நாலு வார்த்தை பேசுங்கள். எங்கள் கேன் காலியானபோது, கேட்ட முதல் வீட்டிலேயே கிணற்று நீர் நிரப்பித் தந்தார்கள். கேணி என்ற பெயர் சும்மா வந்ததல்ல!

சில குறிப்புகள். ஓட்டமாவடிக்கு அப்பால் வழியில் பள்ளிவாசல்கள் குறைவு. பெண்களுக்கு வசதியுள்ள பள்ளிவாசலை முன்பே விசாரித்து வையுங்கள். வுளூவுக்குத் தண்ணீர் தனியாக இருக்கட்டும். கொழும்பு, கண்டி போன்ற தூர ஊர்களிலிருந்து வருவோருக்கு ஜம்உ, கஸ்ர் சலுகை உண்டு. காத்தான்குடி, ஏறாவூரிலிருந்து வருவோர் இவ்வளவு குறுகிய தூரத்துக்குச் சுருக்கித் தொழ முடியாது. சந்தேகமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே பார்சலாகக் கட்டி வாருங்கள். கட்டுவதில் ஆண்களும் கை கொடுக்கட்டும். வீட்டு வேலையில் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தவர்கள்தாம் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அதை வேன் ஏறும் நாளிலாவது நம் வீட்டு ஆண்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்த அழைப்பில் நமக்கும் பங்கு உண்டு, சகோதரிகளே. அஸருக்குப் பின் மாங்கேணி மணலில் பாய் விரித்து, கையில் கரண்டி இல்லாமல் உட்காருங்கள். அலை வந்து போவதை ஆறுதலாகப் பாருங்கள். சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகவே சொல்லும்.