அடுத்த நிரையில் ஓர் ஆசான்

கோதையாறு அருவியாய் வீழும் திற்பரப்பு எம் ஊர். அருவி காண வருவோர் பலர். சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் விளக்கேந்தி நடப்போரை அறிந்தவர் சிலரே. கல்லூரி விடுமுறையொன்றில் யாமும் ஒரு தோட்டத்திற் பால்வெட்டும் பணிக்குப் புகுந்தோம்.

பால்வெட்டு எளிய தொழிலன்று. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும். ஆதலின் வைகறையிலேயே வெட்டுதல் வேண்டும். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழுமாறு பட்டையைச் சாய்வாகச் சீவ வேண்டும். பால்நாளங்கள் மிகுந்திருப்பது பட்டையின் உட்பகுதியில். அதற்கும் உள்ளே மரத்தை வளர்க்கும் மென்படலம். ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் மரம் புண்படும். படலத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் முன்பாகக் கத்தி நிற்க வேண்டும்.

இவ்விதிகளை மேற்பார்வையாளர் முதல்நாளே உரைத்தார். யாமும் மனப்பாடம் செய்தோம். மூன்றாம் நாளே ஒரு மரத்தைப் புண்படுத்தினோம். கூலி போகுமே என்றஞ்சி, மண்ணைப் பூசி அதனை மறைத்தோம். அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்த மூத்த அக்கா ஒருவர் அதனைக் கண்டுவிட்டார். எவரிடமும் சொன்னாரில்லை. எம் அருகில் வந்து, "மக்களே, கைய அழுத்தாத, கத்தி போற சத்தத்தக் கேளு" என்றார். பின்னர், தாம் இளமையிற் புண்படுத்திய மரமொன்றைக் காட்டினார். அவ்விடம் முடிச்சாகப் புடைத்திருந்தது. அன்றுதான் எம் கை தொழிலைக் கற்கத் தொடங்கிற்று.

1984-இல் தமிழக அரசு இம்மாவட்டத்தில் நிறுவிய அரசு ரப்பர்க் கழகம், இலங்கையினின்று தாயகம் திரும்பிய தமிழர் பலருக்கு வாழ்வளித்தது. அத்தகைய பெருநிறுவனத்திலும் கைத்திறன் ஒரு கையினின்று மறுகைக்கே செல்லும். பொறிகள் மிகுந்த நாடுகளிலும் இஃதே நிலை. அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகற்பொறிகளைப் பழுதுபார்ப்போரை ஆராய்ந்த ஜூலியன் ஓர் என்பார் 1996-இல் ஒரு நூல் வெளியிட்டார். கையேடு கைவிட்ட இடத்தில், அவர்கள் தம்முள் பகிர்ந்துகொண்ட பழுதுக் கதைகளே துணைநின்றன என்பது அவர் கண்ட உண்மை.

பயிற்சிக்கு நிறுவனங்கள் பொருள் செலவிடுதல் நன்றே. ஆயினும், பிழை செய்தவன் மண்ணைத் தேடாமல் அடுத்த நிரையைத் தேடும் துணிவைத் தருதல் அதனினும் முற்பட்ட கடமையன்றோ?

இன்று யாம் வகுப்பறையில் நிற்கின்றோம். விளங்காத ஒன்றை மாணவர் எம்மிடம் வினவுமுன் பக்கத்து நண்பரிடமே மெல்ல வினவுகின்றனர். முன்பெல்லாம் அதனை அதட்டி அடக்கினோம். இப்பொழுது சற்றே பொறுத்திருக்கின்றோம். அக்காவின் குரல் நினைவில் எழுகின்றது.