நன்றாகத்தானே இருக்கிறாள்?

சின்ன காஞ்சிபுரத்தில் தறியோசை கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் நெய்பவரின் கண் உடனே கண்டுகொள்ளும். இழையை முடிந்த பின்னரே நாடா மீண்டும் ஓடும். ஆனால், கருவுற்ற தாயின் உடலில் நேரும் குறை அவ்வாறு கண்ணில் படுவதில்லை. எங்கள் மகளின் தலைப்பேற்றின்போதுதான் இதை உணர்ந்தோம்.

முதற் பரிசோதனை பன்னிரண்டு வாரங்களுக்குள் நடைபெற வேண்டும். எடை, இரத்த அழுத்தம், இரத்தப் பிரிவு, இரத்தத்தில் இரும்புச் சத்து, சர்க்கரை, சிறுநீர் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். எய்ட்ஸ், மேகநோய்க் கிருமிகள் உண்டா என்றும் சோதிப்பார்கள். இதில் நாணத்திற்கு இடமில்லை. முன்னரே அறிந்தால் குழந்தையைக் காக்கலாம். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. அதற்காகவே நாள்தோறும் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். ஸ்கேன் எடுப்பது குழந்தையின் வளர்ச்சியை அறிவதற்கு. ஆணா பெண்ணா எனக் கேட்பதையும் சொல்வதையும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பேறுகாலத்தில் குறைந்தது நான்கு முறையேனும் பரிசோதனை வேண்டும். எட்டு முறை நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவுறுத்தியது.

இவ்வளவும் செவிலியர் எடுத்துரைத்தும், ஏழாம் மாதத்தில் நாங்கள் தவறினோம். வளைகாப்புக்கு நாள் குறித்த நாங்கள், பரிசோதனை நாளைத் தள்ளிப்போட்டோம். தறியை விட்டு அரைநாள் எழுந்தால் அரைநாள் கூலி போகும் என்ற கணக்கும் இருந்தது. அவள் கால்கள் வீங்கியிருந்தன. நாளெல்லாம் தார் சுற்றுவதால் வந்த வீக்கம் என்றெண்ணினோம். "நன்றாகத்தானே இருக்கிறாள்?" என்று ஒருவருக்கொருவர் ஆறுதலும் சொல்லிக்கொண்டோம்.

இரு வாரங்கள் கழித்துச் சென்றபோது இரத்த அழுத்தம் 150/100. சிறுநீரில் புரதமும் இருந்தது. இதனைக் கவனியாது விட்டால் வலிப்பு வரலாம், தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து என்று மருத்துவர் கூறியபோது எங்கள் நா எழவில்லை. அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். மருந்தும் ஓய்வும் கண்காணிப்பும் காத்தன. பேரன் சற்று முன்னதாகவே, எடை குறைந்து பிறந்தான். இன்று தறிக்குழியில் இறங்கி விளையாடுகிறான்.

கடுந்தலைவலி, கண் மங்கல், இரத்தப்போக்கு, நீர் கசிவு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மாதந்தோறும் 9ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றிப் பரிசோதிக்கும் திட்டம் 2016இல் தொடங்கப்பெற்றது.

அன்னை மரியா எலிசபெத்தைத் தேடிச் சென்று ஏறத்தாழ மூன்று மாதம் உடனிருந்தார். கருவுற்றவளைத் தனியே அனுப்பாமல் கணவரோ மாமியாரோ உடன் செல்வது அத்தகைய அன்பே. இழந்த அரைநாள் கூலியை மறுநாள் ஈட்டிவிடலாம். அன்று நாங்கள் தள்ளிப்போட்ட இரு வாரங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.