தேசத்தைச் சுற்றிப் பாருங்கள்



பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுடன் கல்லூரிகளைப் பார்க்கப் புறப்படும் காலம் இது. எண்ணாகமம் 13-ஆம் அதிகாரத்தில், கானானுக்கு அனுப்பிய பன்னிருவரிடம் மோசே நிலத்தையும் குடிகளையும் ஆராய்ந்து, கனிகளையும் கொண்டுவரப் பணித்தார்.

நீங்களும் அவ்வாறே பாருங்கள். 1937-இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்றால், அதன் மரங்களே முதலில் மனத்தைக் கவரும். நிழலோடு நின்றுவிடாதீர்கள். நூலகத்தில் மாணவர் படிக்கிறார்களா? விடுதி உணவு எப்படி? கட்டணம் போக வேறு செலவுகள் எவை? இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். கையேடு சொல்லாததை அவர் சொல்லுவார். நீங்கள் ருசிபார்க்க வேண்டிய கனி அதுவே. பெற்றோரே, கேள்விகளைப் பிள்ளையே கேட்கட்டும்.

பன்னிருவரும் கண்டது ஒரே தேசம். பதின்மர் தங்களை வெட்டுக்கிளிகளாக எண்ணித் திரும்பினர். யோசுவாவும் காலேபும் கர்த்தரை நம்பித் திரும்பினர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளை, பெரிய கட்டடங்களையும் சரளமான ஆங்கிலத்தையும் கண்டு தன்னைச் சிறிதாக எண்ணக்கூடும். வீடு திரும்பும் பேருந்தில், முதலில் கல்லூரியைக் குறித்தல்ல, அந்த அச்சத்தைக் குறித்தே பேசுங்கள், சேர்ந்து ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளுக்கு முன்செல்வாராக. ஆமென்.