வளர்கிற பிள்ளையின் கால் வலி

"வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும்!" இந்த வார்த்தையைச் சொல்லாத தாய் உண்டா, சகோதரிகளே? நானும் சொன்னேன். ஒரு தடவையல்ல, ஐந்து மாதம் சொன்னேன்.

என் மகனுக்கு அப்போது வயது 12. பகலெல்லாம் ஓடியாடித் திரிவான். இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, இடது முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தைப் பிடித்தபடி அழுவான். தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன். எதற்கும் கேட்கவில்லை. டாக்டர் எழுதித் தந்த வலி மாத்திரையைக் கொடுத்தால் மட்டும் சற்று நேரத்தில் தூங்கிவிடுவான். "உண்மையான வலியானால் ஒரு மாத்திரைக்கா அடங்கும்? பள்ளிக்கூடம் போகாமலிருக்க இது ஒரு சாக்கு!" என்று கடிந்துகொண்டேன். எக்ஸ்-ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை என்றதும் என் சந்தேகம் உறுதிப்பட்டது.

பிறகு பார்த்த எலும்பு டாக்டர், படத்தைக் கையில் வாங்கு முன்பே கேட்டார்: "ஒரே காலா? ஒரே இடமா? இரவில்தான் அதிகமா? மாத்திரைக்கு உடனே கேட்கிறதா?" எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்றேன். ஸி.டி. ஸ்கான் எடுக்கச் சொன்னார். கணைக்கால் எலும்பில் மிளகை விடச் சற்றுப் பெரிதாக ஒரு புள்ளி!

"கட்டி" என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

"பயப்படாதீர்கள், அம்மா. இது புற்று நோயல்ல, பரவாது" என்றார் டாக்டர். அதன் பெயர் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா. 1935-ல் நியூயார்க்கில் ஹென்றி ஜாஃபி என்ற நிபுணர் இதைத் தனி நோயாக இனம் கண்டு எழுதினாராம். அந்தச் சின்னக் கட்டியே வலியைத் தூண்டும் ஒரு பொருளைச் சுரக்கிறது. அந்தச் சுரப்பைத் தடுப்பதால்தான் மாத்திரைக்கு வலி பணிகிறது. நான் நடிப்பென்று நினைத்ததுதான் நோயின் அடையாளம்!

கத்தி வைக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து, ஸ்கானில் பார்த்தபடியே ஊசி ஒன்றைக் கட்டிக்குள் செலுத்தி, சில நிமிஷம் சூடேற்றிச் சுட்டுவிட்டார்கள்.

இரண்டு காலும் வலித்து, தேய்த்துவிட்டால் அடங்கி, காலையில் குழந்தை துள்ளி ஓடினால் அது பெரும்பாலும் வளர்கிற வயதின் வலிதான். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் வலித்தால், நொண்டினால், வீங்கினால், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு அது ஆபத்தாகலாம்.

வீடு திரும்பிய சில நாளில், இரவு இரண்டு மணிக்குப் பழக்க தோஷத்தால் நான்தான் விழித்துக்கொண்டேன். அவன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். காலை மெல்லத் தடவிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.