நாளுக்கு 1,100 டாலர்



சிகாகோவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் ஏரிக்கரைப் பூங்காவின் படங்களை அனுப்பியிருந்தார். அழகான இடம். 2003 வரை அங்கே மெய்க்ஸ் ஃபீல்டு என்ற சிறிய விமான நிலையம் இருந்தது. (கணினியில் விமானம் ஓட்டி விளையாடிய பிள்ளைகளுக்கு நினைவிருக்கும்.)

அந்த ஆண்டு மார்ச் 30 இரவு, மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசர்களை அனுப்பி, ஓடுதளத்தில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாக வெட்டிவிட்டார். 16 விமானங்கள் அங்கேயே மாட்டிக்கொண்டன. கேட்டதற்கு, நகரத்தின் பாதுகாப்புக்காக என்றார்.

மூடுவதற்கு 30 நாள் முன்னதாக அரசுக்கு அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காததற்கு அபராதம் நாளுக்கு 1,100 டாலர். 30-ஆல் பெருக்குங்கள்: 33,000. அவ்வளவு பெரிய மாநகராட்சிக்கு இது டீச் செலவு! 2006-இல் கட்ட ஒப்புக்கொண்டார்கள். இடிப்பதற்கு விமான நிலைய நிதியைத் தொட்டதாக எழுந்த புகாரில் 10 லட்சம் டாலரைத் திருப்பி வைக்கவும் சம்மதித்தார்கள். எல்லாம் ஊரார் பணம். மேயர் பையிலிருந்து ஒரு காசும் போகவில்லை. 2007 தேர்தலிலும் அவரே ஜெயித்தார்.

பூங்கா வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பட்டப்பகலில், சொல்லிவிட்டுச் செய்திருக்கலாமே!

பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் அபராதத்தை நாளுக்கு 10,000 டாலராக உயர்த்தியது. அதையும் 30-ஆல் பெருக்கிப் பார்த்தேன். 3 லட்சம். இதற்காவது ஒரு மேயர் பயப்படுவாரா? நம்மில் வக்கீல்களாக இருப்பவர்கள் சொல்லுங்களேன்.